பாப்பாவின் முதுகுக்கு ஒரு தகடு

பாப்பா பாண்டிச்சேரியில், முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவ் இரண்டு முடித்துவிட்டு சேலம் வந்து இறங்கியபோது முகம் தொங்கிப் போயிருந்தது. பாப்பா என்றால் குழந்தை இல்லை, என் அக்கா மகள். இருபது வயது, ஏற்காட்டில் வீடு, சேலத்தில் கல்லூரி. எங்கள் பக்கம் வீட்டின் கடைசிப் பெண் பேரன் பேத்தி எடுத்தாலும் பாப்பாதான். உயரம் 148 செ.மீ., எடை 42 கிலோ.

“கடல் எனக்கு ஒத்து வராதுங்க மாமா” என்றாள். “பயமெல்லாம் இல்லைங்க. உள்ள போனதும் ஒரே போராட்டம். காலு கீழ கீழ போகுது, சட்டை காது வரைக்கும் ஏறுது, பெல்ட்டு தொடைக்கு வந்துருது. மத்தவங்கல்லாம் சும்மா மிதக்கிறாங்க, நான் மட்டும் சைக்கிள் ஓட்டிட்டு இருக்கேன். இருபத்தஞ்சு நிமிஷத்துல காத்து முடிஞ்சுருச்சு.”

பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூடப் போன பெண் எடுத்த வீடியோவைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பார்த்தேன். சிலிண்டரின் அடிப்பகுதி அவள் தொடையின் பின்பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்தது. மேலே வால்வு, தலையை நிமிர்த்தும்போதெல்லாம் பின்மண்டையில் தட்டியது. பி.சி.டி. என்கிற காற்றுச்சட்டையின் இடுப்புப் பட்டையைக் கடைசிவரை இழுத்து ஒட்டியும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. காற்று அடித்ததும் சட்டை மேலே போகிறது, ஆள் கீழேயே நிற்கிறாள். சட்டைக்குள் தோள் புதைந்து, வெறும் கண் மட்டும் தெரிகிறது. சிலிண்டர் முதுகின் நடுவில் நிற்காமல் இடப்பக்கம் சாய்கிறது. அதைச் சமாளிக்க வலது கையை வீசுகிறாள். பழக்கத்தால் சரியாகிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை. அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போனவள் மாதிரி இருந்தது.

நான் பயிற்சியாளர் இல்லை. எட்டு வருடமாக, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கடலுக்குப் போகிறவன். பிழைப்பு எஸ்.எஸ். கைப்பிடி, கேட், சமையல்கூட மேடை. சூரமங்கலம் பக்கம் சின்னப் பட்டறை. அதனால் முதலில் செய்தது எனக்குத் தெரிந்த வேலை: எடை போட்டேன். பாண்டிச்சேரியில் கொடுத்ததைப் போலவே ஒரு செட்டைத் தெரிந்தவரிடம் வாங்கி வந்து, பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத்தராசில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், வால்வும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்த்துப் பதினேழரை கிலோ. சட்டை மூன்று. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் ஒன்றரை. மூழ்குவதற்காக இடுப்பு பெல்ட்டில் கோக்கும் ஈயம் எட்டு. ஆக 30 கிலோ. 42 கிலோ பெண் முதுகில் 30 கிலோ. நான் 84 கிலோ. எனக்கு அதே விகிதத்தில் என்றால் 60 கிலோ. சிமெண்டு மூட்டையே ஐம்பதுதான்.

அந்த எட்டு கிலோவில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. அவர்கள் முதலில் ஆறு கிலோதான் கொடுத்தார்கள். முதல் டைவில் தண்ணீருக்குள் இறங்கவே முடியவில்லை என்று பாப்பா எனக்குப் போன் செய்தாள். “அப்ப ரெண்டு கிலோ சேத்துக் கேளு கண்ணு” என்று சொன்னது நான்தான். பட்டறையில் நின்றுகொண்டு, கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில், ஆளைப் பார்க்காமல் சொன்ன வைத்தியம். அவள் இறங்காததற்குக் காரணம் எடைக் குறைவு இல்லை; பதற்றத்தில் மூச்சை முழுதாக வெளியே விடவில்லை, காலும் சும்மா இல்லை. நெஞ்சில் இரண்டு லிட்டர் காற்றை வைத்துக்கொண்டு மேல்நோக்கி உதைத்தால் எட்டு கிலோ என்ன, பத்து கிலோ கட்டினாலும் மேலேதான் நிற்கும். மூச்சு விட்ட பிறகு கல் மாதிரி போகும்.

தேவைக்கு மேல் இரண்டு கிலோ ஈயம் கட்டினால் அதைச் சமன்செய்ய சட்டையில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் காற்று கூடுதலாக அடிக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு லிட்டராக இருக்கிற காற்று மேலே வந்தால் நான்கு லிட்டர். ஏறும்போது அதை விடாமல் இருந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும். பெரிய உடம்புக்கு இது சின்னத் தொந்தரவு. சின்ன உடம்புக்கு அதே இரண்டு லிட்டர் பெரிய பலூன்.

அளவு ஒரு பக்கம் இருக்கட்டும், இடம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. நாங்கள் எல்லாம் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். அடிவாரத்துத் தோட்டக் கிணற்றில் தாத்தா சுரைப்புரடையை முதுகில் கட்டித் தள்ளிவிடுவார். காய்ந்த சுரைக்காய்க் கூடு, நல்ல மிதவை. அதைக் கழுத்துப் பக்கம் கட்டினால் கால் தொங்கும், ஆள் நின்றவாக்கில் மிதப்பான். இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டினால் புட்டம் மேலே, மூஞ்சி தண்ணீரில். நெஞ்சுக்கு நேர் பின்னால், தோள்பட்டை எலும்புகளுக்குக் கொஞ்சம் கீழே கட்டினால்தான் குப்புறப் படுத்தபடி நீந்தலாம். ஒரே புரடை, ஒரே பையன். கட்டுகிற இடம் ஒரு சாண் மாறினால் நீச்சல் மாறும்.

பாப்பாவுக்கு நடந்ததும் அதுதான். காற்று காது பக்கம் ஏறிவிட்டது. ஈயம் இடுப்பில் இருந்து தொடைக்கு இறங்கிவிட்டது. மேலே மிதவை, கீழே பாரம். ஆள் செங்குத்தாகத்தான் நிற்பாள். செங்குத்தாக நின்று, ஃபின் என்கிற கால்துடுப்பை அடித்தால் முன்னால் போவதற்குப் பதில் மேலே போகிறாள், மேலே போவதால் சட்டையிலிருந்து காற்றை விடுகிறாள், விட்டதும் கீழே போகிறாள், மறுபடி உதைக்கிறாள். காற்று இருபத்தைந்து நிமிடத்தில் தீராமல் என்ன செய்யும்?

மிகச் சின்ன அளவுச் சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் வாடகைக்கு வைத்திருப்பது நடுத்தர, பெரிய அளவுகள்தான். சின்னது என்று எழுதியிருப்பதே பாப்பாவுக்குக் கூடாரம். ஜாக்கெட் வகைச் சட்டையில் மெத்தை மாதிரி பஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள், அது மிதக்கும், அதை அமுக்க இன்னும் கொஞ்சம் ஈயம். அப்புறம், உண்மையைச் சொல்வதென்றால், பட்டறை வைத்திருப்பவனுக்குக் கை அரிக்கும்.

முதுகுத் தகடு என்று ஒன்று உண்டு. எஸ்.எஸ். தகட்டை முதுகெலும்பு உட்காரும்படி நடுவில் வாய்க்கால் போல மடித்து, ஒரே நீளப் பட்டையைக் கோத்து, அதைத் தோளிலும் இடுப்பிலும் ஆளுக்கு ஏற்றபடி இழுத்து விட்டுக்கொள்வது. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விங் என்கிற வளையமான காற்றுப்பை. இதில் எனக்குப் பிடித்தது, இரும்பே எடையாகவும் இருக்கிறது. அதுவும் நுரையீரலுக்கு நேர் பின்னால் இருக்கிறது. இடுப்பில் தொங்கும் ஈயத்தில் ஒரு பங்கு முதுகுக்கு இடம் மாறுகிறது. சேலத்தில் இருந்துகொண்டு எஸ்.எஸ். தகட்டைக் கடல் தாண்டி வரவழைத்தால் ஊர் சிரிக்கும்.

விங்கை மட்டும் கடையில் வாங்கினேன், சுமார் பத்து கிலோ தூக்கும் சின்ன அளவு. காற்றுப்பை, வால்வு, ரெகுலேட்டர் இவற்றில் நான் கை வைப்பதில்லை. யாரும் வைக்க வேண்டாம். தகடு, பட்டை, வளையம், ஈயம் போடும் பை, இவ்வளவோடு என் கைவேலை நின்றது.

அளவெடுக்க அக்கா வீட்டுக்கு ஏற்காடு போனேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, பாப்பாவைச் சுவரோடு நிற்க வைத்து முதுகில் பொருத்திப் பார்த்தேன். அக்கா வாசலில் மிளகு புடைத்துக்கொண்டே, “ஏன்டா தம்பி, ரவிக்கைக்கு அளவெடுக்கிறியா?” என்றாள். “ஆமாக்கா, இத்தன நாளா இவளுக்கு இரவல் ரவிக்கை குடுத்திருக்காங்க” என்றேன். கழுத்தெலும்பின் முண்டிலிருந்து இடுப்பெலும்பு வரை 39 செ.மீ. கடையில் கிடைக்கும் வழக்கமான தகட்டின் உயரமே 38 செ.மீ. பக்கம் வரும், குனிந்தால் கீழ் விளிம்பு புட்டத்தில் குத்தும். நான் 33 செ.மீ. வைத்தேன். அகலம் 24. விங்கைப் பிடிக்கும் இரண்டு போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே 11 அங்குலம், அதாவது 28 செ.மீ. தூரம் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒரே கணக்கு. அதில் கஞ்சத்தனம் செய்ய முடியாது. 33-க்குள் அது அடங்கிவிட்டது.

தோளுக்குப் போகும் பட்டை நுழையும் இரண்டு நீள ஓட்டைகள், அதாவது ஸ்லாட்டுகள்தான் ரொம்ப முக்கியம். வழக்கமான தகட்டில் அவை அகன்ற தோளுக்கு ஏற்றபடி இருக்கும். ஒல்லியான கழுத்துக்கு அதே இடைவெளி வைத்தால் பட்டை தோளின் ஓரத்துக்குப் போய் நழுவும். ரொம்ப நெருக்கினால் கழுத்தை அறுக்கும். அட்டையில் மூன்று தடவை வெட்டிப் பார்த்து, ஸ்லாட்டைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்ததும் பட்டை தோளில் தட்டையாகப் படிந்தது.

சேலம் திரும்பி 3 எம்.எம். தகட்டில் லேசர் கட்டிங் கொடுத்தேன். தகடு என் பட்டறையில் கிடந்த மிச்சம். 304 ரக எஸ்.எஸ். என்று நினைத்து வாங்கியது. வெட்டி, மடித்து, விளிம்பெல்லாம் ஃபிளாப் டிஸ்க் ஓட்டித் தேய்த்து, பஃப் போட்டுப் பளபளப்பாக்கி, பார்த்தால் வெள்ளித்தட்டு. எடை 1.6 கிலோ. எஃகு தண்ணீரை விட எட்டு மடங்கு அடர்த்தி, அதனால் தண்ணீருக்குள் எட்டில் ஒரு பங்கு குறைந்து 1.4 கிலோவாக இழுக்கும்.

கடலுக்குக் கொண்டுபோவதற்கு முன் இருபது லிட்டர் டிரம்மில் 700 கிராம் கல்லுப்பு கரைத்து, கடல்தண்ணீர் உப்பு பதத்துக்குக் கொண்டுவந்து, தகட்டைப் பாதி முங்கும்படி நிறுத்தி வைத்தேன். ஆறாம் நாள் நீர்மட்டத்துக்கு ஒட்டி டீ சிந்தின மாதிரி பழுப்புக் கோடு. ஸ்லாட்டுகளின் ஓரத்தில் அதைவிட மோசம்.

முதலில் டிஸ்க் மேல் பழி போட்டேன். சாதா இரும்புக்கு ஓட்டிய அதே டிஸ்க்கை எஸ்.எஸ்-க்கு ஓட்டினால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பட்டறையில் புதுப் பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்வது இது. ஆனால் டிஸ்க் படாத நடுப்பகுதியிலும் புள்ளி இருந்தது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதை நம்பித்தான் பல பேர் ஏமாறுவது. கைப்பிடி வேலைக்கு மலிவாக வருகிற 202 தகடும் காந்தத்தில் ஒட்டாது. நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய சரக்கு. வீட்டு மாடிப்படிக்குப் போதும், உப்புத் தண்ணீருக்கு ஆகாது. பழைய இரும்புக்காரரிடம் சோதனைத் திரவம் இருந்தது. தகட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொட வைத்தார். சொட்டு சிவந்தது. 202. எட்டு வருடமாக இந்தத் தொழிலில் நெஞ்சு நிமிர்த்துகிற நான், என் பட்டறைச் சரக்கையே சோதிக்காமல் வெட்டியிருக்கிறேன்.

இரண்டாவது தகட்டுக்கு 316 வாங்கினேன். அதில் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் சேர்ந்திருக்கும், உப்பைத் தாங்குவது அதனால்தான். வெட்டுவதற்கு முன்பே சொட்டு விட்டுப் பார்த்துவிட்டேன். புது டிஸ்க். ஸ்லாட்டுகளின் உள்விளிம்பை மட்டும் ஒரு மணி நேரம் கையால் தேய்த்தேன், பழைய பருத்தித் துணியை உள்ளே விட்டு இழுத்தால் நூல் சிக்காத வரை. பட்டை அறுந்தால் தண்ணீருக்குள் சிலிண்டர் கழன்று போகும். அங்கே சோம்பல் ஆகாது. உப்பு டிரம்மில் பத்து நாள். கோடு இல்லை.

பட்டை 50 எம்.எம். நைலான். கவட்டுப் பட்டைக்கு மட்டும் 38 எம்.எம்.; அகலமானதைப் போட்டபோது பாப்பா வாத்து மாதிரி நடந்தாள். கவட்டுப் பட்டை தேவையா என்று சிலர் கேட்பார்கள். இடுப்பு ஒல்லியாக, வளைவு குறைவாக இருக்கிறவர்களுக்கு அது ஒன்றுதான் தகடு மேலே ஏறாமல் பிடித்து நிறுத்துவது. நெஞ்சுப் பக்க டி-வளையத்தை அவள் கட்டைவிரல் தானாக எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

மீதிச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்க் சின்ன முகத்துக்கான குறைந்த கொள்ளளவுடையது. வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சினால் கையை எடுத்தாலும் நிற்க வேண்டும். பாப்பாவுக்கு நின்றது, ஆனால் குளத்தில் வார் வழுக்கியது. காரணம் தேங்காய் எண்ணெய். ரெகுலேட்டர் வாய்க்கடி பெரிதாக இருந்து தாடை வலித்ததால் சின்ன அளவு வாங்கி, கேபிள் டை போட்டு மாற்றினோம். மூன்றாம் நம்பர் காலுக்கு ஃபின் கிடைத்தது, ஒரு மெல்லிய சாக்ஸோடு. வெட்சூட் என்கிற ரப்பர் உடை பெரியவர்கள் அளவில் எதுவும் ஒட்டவில்லை; பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான 3 எம்.எம். சூட் தோல் மாதிரி உட்கார்ந்தது.

அந்த சூட் எவ்வளவு மிதக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வேலை செய்தேன், வீட்டில் தொட்டி இருக்கிற யாரும் செய்யலாம். வெங்காயம் வரும் வலைமூட்டைக்குள் சூட்டைச் சுருட்டிப் போட்டு, தண்ணீருக்குள் நன்றாகக் கசக்கிக் காற்றுக் குமிழியெல்லாம் வெளியேற்றினேன். அப்புறம் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஈயத்தை மூட்டைக்குள் போட்டேன். அரை போட்டேன், மிதந்தது. ஒன்று, மூட்டை சோம்பலாக ஒரு முனை இறங்கியது. ஒன்றரை, தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்தது. ஆக சூட்டுக்கு ஒன்றரை கிலோவுக்குள். “இதுக்கா எட்டு கிலோ கட்டிட்டுப் போனேன்!” என்றாள் பாப்பா. நான் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் ஒரு நீச்சல்குளக்காரர் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுத்தார். பயிற்சியாளர் நண்பர் ஒருவரையும் வரவழைத்திருந்தேன்; இந்தச் சோதனையை அவர் இல்லாமல் செய்திருக்க மாட்டேன். வண்டியிலிருந்து சிலிண்டர் இறங்கியதும் காவலாளி தாத்தா எழுந்து நின்று, “ஃபயர் சர்வீசுங்களா? யாராச்சும் விழுந்துட்டாங்களா?” என்றார். எங்கள் ஊரில் முதுகில் சிலிண்டர் கட்டினால் கிணற்றில் பிணம் எடுக்க வந்தவன்தான்.

முதலில் பழைய சட்டை, பழைய 11 லிட்டர் சிலிண்டர், ஒப்பிடுவதற்காக. சிலிண்டரின் காற்றழுத்தத்தை 50 பார் வரை, டைவின் கடைசியில் மிஞ்சும் அளவுக்கு, இறக்கிக்கொண்டோம். அலுமினிய சிலிண்டர் நிறைந்திருக்கும்போது அரைக் கிலோவுக்கு மேல் அமிழும், காலியாகும்போது இரண்டு கிலோ பக்கம் மிதக்கும். நிறைந்த சிலிண்டரோடு எடை பார்த்துவிட்டுப் போனால் டைவின் கடைசியில், ஐந்து மீட்டரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில், மேலே தூக்கும். எனவே கடைசி நிலையில்தான் பார்க்க வேண்டும். சட்டையில் காற்று இல்லை, வாயில் ரெகுலேட்டர், சாதாரண மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். நீர்மட்டம் கண்ணுக்கு நேரே நின்றால் சரி. மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். பாப்பாவின் கால் தன்னையறியாமல் அடித்துக்கொண்டே இருந்தது. நண்பர் கணுக்கால் இரண்டையும் குறுக்கே பின்னிக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் உண்மையான கணக்கு வந்தது: நான்கு கிலோ.

அடுத்து புதுத் தகடு, விங், 9 லிட்டர் சிலிண்டர். இந்தச் சிலிண்டர் காற்றோடு பதினைந்து கிலோ, நீளமும் பத்து செ.மீ. குறைவு. அவள் நுரையீரலுக்கு அந்தக் காற்று தாராளம். அதே சோதனை. தேவைப்பட்ட ஈயம் ஒரே ஒரு கிலோ. தகடு 1.4 எடுத்துக்கொண்டது, பஞ்சுச் சட்டை போனது கொஞ்சம், சிலிண்டர் மாறியது கொஞ்சம்.

எண்ணைவிட எனக்கு அடுத்த சோதனைதான் பிடித்தது. தரைக்கு அரை மீட்டர் மேலே குப்புற நீட்டிப் படுக்கச் சொல்லி, எதையும் அசைக்காமல் கால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று எண்ணினோம். பழைய சட்டையில் மூன்று எண்ணுவதற்குள் கால் தரையில். தகடு போட்டு, ஒரு கிலோவை இடுப்பு பெல்ட்டில் வைத்தபோது எட்டு. அந்தக் கிலோவைக் கழற்றி, சிலிண்டரைச் சுற்றும் மேல் பட்டையில், தோள்பட்டைகளுக்கு நடுவில், சின்னப் பையில் போட்டோம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக மேலே போயிருக்கும். பாப்பா படுத்தாள். நான் இருபது வரை எண்ணினேன். கால் அப்படியே இருந்தது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மாஸ்க்குக்குள் கண் சுருங்கியது, சிரிக்கிறாள் என்று புரிந்தது, சிரித்ததால் மாஸ்க்குக்குள் தண்ணீர் போய் எழுந்து நின்றுவிட்டாள்.

இந்தச் சந்தோஷத்தில் இன்னொரு பிழை கிடைத்தது, நல்லவேளை குளத்தில். நண்பர் அவசரத்துக்கு பெல்ட்டைக் கழற்றிப் போடும் பயிற்சி செய்யச் சொன்னார். கடலுக்கு எடை கூடும் என்பதால் பெல்ட்டில் இரண்டு கிலோ கட்டியிருந்தோம். பாப்பா பக்கிளைத் தட்டினாள். திறந்தது இடுப்புப் பட்டையின் பக்கிள். இரண்டுக்கும் ஒரே மாதிரி எஸ்.எஸ். பக்கிள் போட்டு அழகு பார்த்தது நான். இரண்டாவது முயற்சியில் சரியான பக்கிள் திறந்தது, பெல்ட் விழவில்லை. கவட்டுப் பட்டையில் மாட்டிக்கொண்டு தூளி மாதிரி தொங்கியது. நான் பெல்ட்டை முதலில் கட்டிவிட்டு அதன் மேல் கவட்டுப் பட்டையைக் கொண்டுவந்திருந்தேன். ஈயத்தைக் கழற்ற முடியாத பெல்ட் கழுத்தில் கட்டிய அம்மிக்கல்.

வரிசையை மாற்றினோம். கவட்டுப் பட்டை, இடுப்புப் பட்டை எல்லாம் பூட்டிய பிறகு, கடைசியாக, எல்லாவற்றுக்கும் வெளியே பெல்ட். அதன் பக்கிளைத் தடிமனான பிளாஸ்டிக் பக்கிளாக மாற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் வேறுபாடு தெரியும். பத்து தடவை கழற்றிப் போட்டாள். பத்தாவது தடவை குளத்தின் டைல்ஸ் மேல் விழுந்த சத்தம் கேட்டு தாத்தா ஓடி வந்தார். அங்கேயே முடித்துக்கொண்டோம்.

குளத்தில் ஒன்று என்றால் கடலில் எவ்வளவு? கடல்தண்ணீர் நல்ல தண்ணீரை விட இரண்டரை சதவீதம் கனம். பாப்பா, சூட், தகடு, சிலிண்டர், ஈயம் எல்லாம் சேர்த்து 62 கிலோ; அதில் இரண்டரை சதவீதம் ஒன்றரை கிலோ சொச்சம். ஈயமும் தண்ணீரில் கொஞ்சம் எடை இழக்கும் என்பதால் இரண்டு என்று வைத்தோம். எனக்கு இதே கணக்கு மூன்று பக்கம் வரும். “உப்புத்தண்ணிக்கு மூணு கிலோ சேத்துக்கோங்க” என்று எல்லோருக்கும் ஒரே அளவு சொல்வதில் சின்ன ஆட்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மொத்தம் மூன்று கிலோ: முதுகில் ஒன்று, கழற்றிப் போடக்கூடிய பெல்ட்டில் இரண்டு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பாண்டிச்சேரி. நானும் போனேன். படகில் இருந்தவர் மூன்று கிலோவைப் பார்த்துவிட்டு, “பத்தாதும்மா, வச்சுக்கோ” என்று இன்னும் இரண்டு கிலோவை நீட்டினார். பாப்பா வாங்கி, நன்றி சொல்லி, படகிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். மூச்சை விட்டாள். நெற்றி, முடி, கை, அப்புறம் குமிழி மட்டும். 12 மீட்டர் ஆழம். தண்ணீர் அன்று கலங்கல், மீன் பார்த்ததாகப் பெருமையடிக்க ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு முன்னால் அவள் படுத்தவாக்கில் போய்க்கொண்டிருந்தாள், கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு. ஃபின் ஒரு தடவை அடித்தாள், சும்மா இருந்தாள், மறுபடி ஒரு தடவை. 41 நிமிடம். சின்ன சிலிண்டரில். மேலே வரும்போது 50 பார் மிச்சம். எனக்கு 40.

படகில் ஏறும்போது தகடு கீழ்முதுகில் லேசாக அழுத்தியதாகச் சொன்னாள். பார்த்தால் வாய்க்காலின் கீழ்முனை அவளுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் விரிந்திருக்க வேண்டும். அது அடுத்த மடிப்பில்.

மதியம் இரண்டாவது டைவும் முடித்து, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாக ராத்திரி சேலம் வந்தோம். அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். கோழி அடித்து வைத்திருக்கிறாளாம், இன்னும் ஒரு மணி நேரத்தில் மேலே வந்துவிட வேண்டுமாம். வர முடியாது என்றேன். சேலம் 300 மீட்டருக்குள். ஏற்காடு 1,500 மீட்டர். ஒரே நாளில் இரண்டு டைவ் அடித்தவர்கள் விமானம் ஏற 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குறைந்த அழுத்தத்தில் குமிழியாகும் என்பதால். அந்தக் கணக்கு 600 மீட்டர் உயரத்திலிருந்தே பேசுகிறது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போவது, உடம்புக்குப் பாதி விமானம்.

“என்னடா கதை சொல்ற, பஸ்ஸுல வர்றதுக்குமா?” என்றாள் அக்கா. “பஸ்ஸுக்கும்தான்க்கா” என்றேன். கோழியைக் காலையில் சுடவைத்துக்கொள்ளலாம் என்று சமாதானமானாள். நாங்கள் ராத்திரி தட்டுவடை செட் இரண்டு பிளேட் சாப்பிட்டுவிட்டு என் வீட்டிலேயே தூங்கினோம். காலை ஒன்பதரைக்கு மேல் கிளம்பினோம்.

தகட்டை வெந்நீரில் அலசி, துடைத்து, எண்ணெய் எதுவும் போடாமல் மாட்டி வைத்திருக்கிறேன். கறை இல்லை. வீணாய்ப்போன அந்த 202 தகட்டைப் பழைய இரும்புக்குப் போட மனசு வராமல் அன்று அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். அங்கே குரங்குகள் தண்ணீர் டிரம் மூடியைத் திறந்து குளிப்பது பெரிய ரோதனை. இப்போது மூடி மேல் தகடு உட்கார்ந்திருக்கிறது. கனமும் போதவில்லை என்று பக்கத்தில் ஒரு கல்லும் வைத்திருக்கிறாள். துரு மட்டும் இதுவரை ஏறவில்லை.